தற்கொலை ஆய்வு: எண்ணும் ஏடும்

ஒருவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார் என்னும் செய்தி வந்தால் ஊரார் கேட்கும் முதற் கேள்வி, “ஏன்?” என்பதே. தனிமனிதர் எவரையும் பற்றி அக்கேள்வியை எழுப்பாமலே இத்துறையின் பெருநூல் எழுந்தது வியப்புக்குரியது.

பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் 1838இல் வெளியிட்ட நூலில் தற்கொலையைப் பெரும்பாலும் உளநோயின் விளைவாகவே கண்டார். 1897இல் சமூகவியலார் எமில் துர்க்கைம் வேறு வழி சென்றார். ஏறக்குறைய 26,000 மரணப் பதிவுகளை அவருடைய சகோதரியின் மகனார் மார்செல் மோஸ் வகைப்படுத்தித் தந்தார். கத்தோலிக்கரைவிடப் புரொட்டஸ்டண்டுகளிடையே இச்சாவு மிகுந்திருந்தது. சமூகப் பிணைப்புத் தளருமிடத்தில் இது பெருகும் என்பது துர்க்கைமின் முடிபு.

ஆனால் அப்பதிவுகளை எழுதியவர் யாவர்? ஹதீதுக் கலை பயின்றார்க்கு இவ்வினா புதிதன்று. செய்தியை ஏற்குமுன் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்வது நம் உலமாக்களின் மரபு. அமெரிக்கரான ஜாக் டக்ளஸ் 1967இல் துர்க்கைமின் எண்களை நோக்கி ஏறத்தாழ இதையே வினவினார். தீர்ப்பெழுதுபவர் அதிகாரி, அவரிடம் “விபத்து” என்று சொல்வது பழிக்கு அஞ்சும் குடும்பம். அவ்வாறாயின், பிணைப்பு மிகுந்த சமுதாயத்தில் குறைவது சாவா, அன்றிப் பதிவா?

ஜனாஸாத் தொழுகைக்கு எவரும் வாராரோ என்று அஞ்சி, மகன் தவறி விழுந்து இறந்தான் என்றே இறுதிவரை சொல்லிவந்த தாயொருத்தியை நான் அறிவேன். ஹனஃபி, ஷாஃபியீ மத்ஹபுகள் இரண்டிலும் அத்தகையோர்க்குத் தொழுகை உண்டு. அதை அவளுக்கு எடுத்துரைத்தார் எவருமிலர், நானும் உரைக்கவில்லை.

உளவியலார் எட்வின் ஷ்னைட்மன் 1949இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மரண விசாரணை அலுவலகத்து ஏட்டறையில், இறந்தோர் விட்டுச்சென்ற கடிதங்களை நூற்றுக்கணக்கில் கண்டார். அவர் எதிர்பார்த்த அளவுக்கு அவை பேசவில்லை. பின்னர் அவரும் உடனாய்வாளரும் சுற்றத்தாரையும் நண்பரையும் வினவி, இறந்தவரின் கடைசி நாள்களை மீட்டறியும் முறையை வகுத்தனர்.

நச்சியலும் பொதுச் சுகாதாரமும் பயின்றோர் தேடிய இடமோ வேறு. இலங்கையில் 1995இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் இவ்வாறு மாண்டனர். பூச்சிமருந்தே அங்கே பெருங்காரணம். கொடிய நஞ்சுள்ள வகைகளை அரசு அவ்வாண்டுக்குள் படிப்படியாகத் தடுத்தது. 1998இல் எண்டோசல்ஃபானும் தடைப்பட்டது. முந்திய பத்தாண்டுகளோடு ஒப்பிட, 1996 முதல் 2005 வரையில் இச்சாவுகள் ஏறத்தாழ 20,000 குறைந்தன. வறுமையும் மனத்துயரும் அந்நாட்டில் அக்காலத்தே ஒழிந்துவிடவில்லை.