கடலூர் சிப்காட்டும் நுரையீரலின் முன்னறிகுறிகளும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், உப்பனாற்றை ஒட்டி, மாநில அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட் 1980களில் அமைத்த வேதிப்பொருள் தொழிற்பேட்டையின் ஆபத்தை முதலில் உணர்ந்தவை கருவிகள் அல்ல. குடிகாடு, ஈச்சங்காடு முதலிய ஊர் மக்களின் மூக்குகளே. எந்த நேரத்தில் எந்த நாற்றம் வீசியது, காற்று எத்திசையிலிருந்து அடித்தது, யாருக்குக் கண் எரிந்தது, யாருக்கு மூச்சு முட்டியது என்பவற்றை அவ்வூரார் 2004 முதல் முறையாகக் குறித்து வைக்கலாயினர். மூடியிட்ட வாளிக்குள் தனிவகைப் பை ஒன்றைப் பொருத்தி, வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றினால், ஊர்க்காற்று குழாய் வழியே புகுந்து பையை உப்பச்செய்யும். கலிபோர்னியாவில் 1990களில் உருவான இந்த எளிய முறையில் அவர்கள் பிடித்தனுப்பிய காற்றில், புற்றுநோயை உண்டாக்கும் வேதிப்பொருள்களும் இருந்தமை ஆய்வகத்தில் தெரியவந்தது.

அதன்பின் ஆராய்ந்த நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி), இப்பகுதியினரின் வாழ்நாள் புற்றுநோய் அபாயம் இயல்பைவிட ஏறத்தாழ 2,000 மடங்கு என மதிப்பிட்ட செய்தி 2008இல் வெளியானது. இது நோயாளிகளை எண்ணிப் பெற்ற கணக்கன்று. காற்றிலுள்ள நச்சின் அளவிலிருந்து கணித்த அபாயமே என்பதையும், அந்நச்சுகள் தாக்கும் உறுப்புகள் பல என்பதையும் மறக்கலாகாது. எனினும், மாசடைந்த வெளிக்காற்று நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் உறுதிசெய்தது.

ஊரளவில் இத்தனை முன்கூட்டிக் கேட்ட எச்சரிக்கை, தனி உடலில் பெரும்பாலும் தாமதமாகவே கேட்கிறது. விடாத இருமல், சளியில் இரத்தம், குரல் கம்மல், நெஞ்சுவலி, காரணமின்றி உடல் மெலிதல் ஆகிய நுரையீரல் புற்றுநோய் அறிகுறிகளுள் பல காசநோய்க்கும் உரியவை. எக்ஸ்ரே படத்தில் தெரியும் நிழலும் இரண்டிலும் ஒத்திருக்கக்கூடும் என்பதால், காசநோய் மருந்திலேயே பல மாதங்கள் கழிந்துவிடுவது இந்திய மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவரும் இடர். குறைந்த கதிர்வீச்சு சி.டி. பரிசோதனை நுரையீரல் புற்றுநோய் இறப்பை 20 விழுக்காடு குறைத்ததாக 2011இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் அது நெடுநாள் புகைபிடித்த, 55 முதல் 74 வயதுக்கு உட்பட்டோரிடம் மட்டுமே நடந்தது. புகையிலையைத் தொடாமல் ஆலைக்காற்றை மட்டும் சுவாசித்த குடிகாட்டுப் பெண்ணை அந்த வரையறை கணக்கிலேயே கொள்ளாது. ஆகவே, மூன்று வாரம் தாண்டிய இருமலுக்குச் சளியில் காசநோய்க் கிருமி தென்படாதபோது, மருந்தை நீட்டிக்காமல் சி.டி.க்கும் திசுப் பரிசோதனைக்கும் அனுப்புவதே இப்பகுதி மருத்துவம் கைக்கொள்ள வேண்டிய நெறி.