பெயர் சொல்லி அழைக்கும் ஏடு

நெய்வேலியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் எண்களோடு தொடங்குகின்றனர். எத்தனை இலட்சம் டன் பழுப்பு நிலக்கரி வெட்டப்பட்டது, எத்தனை மெகாவாட் மின்சாரம் பிறந்தது என்னும் கணக்குகள் அவர்களுடைய பக்கங்களை நிரப்புகின்றன. அவை வேண்டாத கணக்குகள் அல்ல. ஆயினும் அந்நகரியத்தில் பள்ளி நாள்தோறும் காலையில் விரிக்கப்படும் மற்றோர் ஏடு உண்டு. அது தொடக்கப் பள்ளியின் வருகைப் பதிவேடு. அதனை வரலாற்று ஆவணமாக எவரும் கருதுவதில்லை.

வென்ற கோப்பைகளையும் தேர்ச்சி விழுக்காட்டையும் பள்ளியின் சாதனைகள் என்று ஆண்டு விழா மேடைகளில் நாம் போற்றுகிறோம். அவை போற்றத்தக்கவையே. ஆனால் ஒரு தொடக்கப் பள்ளியின் முதற்சாதனை, வரவேண்டிய குழந்தை வந்து அமர்ந்திருப்பது. இதற்காக நம் மண்ணில் எத்தனை பேர் எத்தனை காலம் உழைக்க வேண்டியிருந்தது என்பதை இக்கட்டுரையில் சிந்திப்போம்.

ஒரே ஆண்டில் இரு தொடக்கங்கள்

1934ஆம் ஆண்டில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது, நீரோடு கரிய பொருளொன்றும் மேலே வந்தது. அதுவே நெய்வேலியின் தொடக்கம். ஆய்வுகள் பல நடந்தபின், 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படுகை கண்ணுக்குப் புலப்பட்டது. 1962இல் அனல் மின் நிலையம் மின்சாரம் தரலாயிற்று.

அதே 1956ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் மற்றொரு பணி தொடங்கியது. முதலமைச்சர் காமராசரும் கல்வித் துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவும் முன்னின்று, பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளிக்கும் திட்டத்தைத் தொடங்கினர். மண்ணுக்கடியில் கிடந்த செல்வத்தை வெளிக்கொணரும் முயற்சியும், குடிசைகளில் மறைந்து கிடந்த செல்வத்தை வெளிக்கொணரும் முயற்சியும் ஒரே ஆண்டில் பிறந்தன. முன்னதை நாடு முழுவதும் அறியும். பின்னதன் பயனை அளக்க மெகாவாட் போன்றதோர் அளவுகோல் இல்லை.

நிலக்கரிக்காக நிலமும் வீடும் விட்டு அகன்ற உழவர்கள் ஒருபுறம். வேலை தேடித் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறியோர் மறுபுறம். வட்டம் வட்டமாக எண்ணிட்டு அமைக்கப்பட்ட நகரியத்தில் வீடுகள் பதவிக்கேற்ப வேறுபட்டன. நகரியத்துக்குள் வீடு பெற்றோரும், அதன் விளிம்பில் ஒப்பந்தக் கூலிகளாய் நின்றோரும் உண்டு. இவர்கள் அனைவருடைய பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமரக்கூடிய இடம் பெரும்பாலும் ஒன்றே. அது தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பு.

ஒரு நாளின் வரலாறு

தொடக்கப் பள்ளியில் ஒரு நாள் எப்படி நடக்கிறது? மணி அடிக்கிறது, பிள்ளைகள் வரிசையில் நிற்கின்றனர், தமிழ்த்தாய் வாழ்த்து ஒலிக்கிறது, ஆசிரியை பெயர் சொல்லி அழைக்கிறார், எழுத்தும் எண்ணும் நடக்கின்றன, மதியம் உணவு, மாலையில் மீண்டும் மணி. கேட்பதற்கு எளிய கதை. ஆனால் இவற்றில் எதுவும் தானாக வந்ததன்று.

முதலில், பெண் குழந்தை அமர்ந்திருக்கும் இடத்தைப் பார்ப்போம். பெண்கள் எழுத்தறிவது குடும்பத்துக்கு ஆகாது என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், 1844ஆம் ஆண்டு ஆயர் போனான் தலைமையில் புதுச்சேரியில் கூடிய மறைமாநில மன்றம் பெண் கல்வியின் தேவையை வற்புறுத்தியது. அவ்வாண்டிலேயே அருட்தந்தை துய்புயி, மரியின் மாசற்ற இருதயத்தின் பெயரால் ஒரு துறவறச் சபையை நிறுவி, தமிழ்ப் பெண்களையே தமிழ்ச் சிறுமியருக்கு ஆசிரியைகளாக்கினார். அச்சகத்தையும் அகராதிப் பணியையும் வளர்த்த அப்பெருமகனாருக்குச் சிறுமியரின் எழுத்துப் பயிற்சியும் மறைப்பணியாகவே விளங்கியது. அக்காலத் திருச்சபை சாதிப் பிரிவினையினின்று விடுபட்டிருக்கவில்லை என்பதையும் இங்கே மறைப்பதற்கில்லை. ஒரே பலகையில் எல்லாரும் அமர இன்னும் நெடுங்காலம் ஆயிற்று.

அடுத்து, பிற்பகல் வகுப்பு. 1953ஆம் ஆண்டு இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, கிராமப் பிள்ளைகள் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளியில் இருந்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக் கல்வி என்று எதிர்க்கப்பட்ட அத்திட்டத்தை, 1954இல் காமராசர் பொறுப்பேற்றதும் அரசு கைவிட்டது. அது நிலைத்திருந்தால், உழவன் மகன் ஏரையும் கூலியாளின் மகன் மண்வெட்டியையும் விட்டு விலகுவது எளிதாயிருக்குமோ? இன்று மதியத்துக்குப் பின்னும் நடக்கும் பாடவேளை, ஒரு பெரும் வாதத்தின் முடிவாய்க் கிடைத்த பேறு.

இனி, மதிய உணவு. நெய்வேலிக்கு அருகிலுள்ள வடலூரில் 1867இல் இராமலிங்க அடிகள் ஏற்றி வைத்த தருமச்சாலை அடுப்பு இன்றளவும் அணையவில்லை. பசித்தவனுக்கு முதலில் சோறு என்ற அந்த அறம் பள்ளிக்குள் நுழைய நெடுநாள் பிடித்தது. 1920இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் அது தொடங்கியது, 1956இல் எட்டயபுரத்தில் புத்துயிர் பெற்றது, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 1989இல் முட்டையும் சேர்ந்தது. 2022 செப்டம்பரில் மு. க. ஸ்டாலின் ஆட்சியில் காலை உணவும் வந்தது. 2024 ஜூலையில் அத்திட்டம் ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டபோது, அதன் தொடக்க விழா திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில் நடந்தது என்பது நாம் மகிழத்தக்க செய்தி. மக்களுக்கு இரங்கி, அவர்களுக்குப் போதித்து, பின் அப்பம் பகிர்ந்தளித்த ஆண்டவரின் வழியும் இதுவன்றோ?

நிறுத்தலாகாத பணி

நெய்வேலிச் சுரங்கத்தின் இயல்பு ஒன்றை நாம் கருத வேண்டும். அங்கே நிலக்கரிப் படுகைக்கு அடியில் மிகுந்த அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. அந்நீரை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் நிலக்கரியை வெட்ட முடியும். இறைப்பதை நிறுத்தினால், அடித்தளம் பிளந்து சுரங்கம் நீரில் மூழ்கும். செய்தித்தாள்களில் இடம்பெறுவது வெட்டியெடுத்த நிலக்கரியின் அளவு; இறைத்த நீரைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

தொடக்கப் பள்ளியின் அன்றாடப் பணியும் இத்தகையதே. வறுமையும் அறியாமையும் அடியிலிருந்து அழுத்திக்கொண்டே இருக்கின்றன. நடவு நாளில், முந்திரிக்கொட்டை பொறுக்கும் நாளில், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நாளில் பிள்ளை வகுப்பை விட்டு நழுவப் பார்க்கும். இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்கும் ஆசிரியை செய்வது, இரவு பகலாய் நீர் இறைக்கும் வேலையே.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் நாம் கண்டோம். பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், தொடக்க வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் திறந்தன. ஏறத்தாழ இருபது மாதங்கள் பெயர் சொல்லி அழைக்கும் குரல் வகுப்பறையில் கேட்கவில்லை. முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை வகுப்பறையைக் காணாமலே இரண்டாம் வகுப்புக்குச் சென்றது. எழுத்துகளை மறந்த பிள்ளைகள் பலர். அவ்விழப்பை ஈடுசெய்யத் தன்னார்வலர்கள் குடியிருப்புகளுக்கே சென்று கற்பிக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம், நம் வட்டாரத்து மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபரில் தொடங்கப்பட்டது.

1962இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 2020இல் தன் பணியை முடித்துக்கொண்டது. அதே 1962இல் முதல் வகுப்பில் அமர்ந்த குழந்தை இன்று பேரப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கக்கூடும். பொறி தேய்ந்து ஓய்கிறது. எழுத்தோ கைமாறிக் கைமாறி வளர்கிறது.

நம்முன் நிற்கும் கேள்வி

நல்ல ஆயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிச் செல்கிறார் என்று லூக்கா நற்செய்தி சொல்கிறது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழும் இடம் வருகைப் பதிவேடு. வந்த பிள்ளையின் பெயருக்கு விடை கிடைக்கிறது. வராத பிள்ளையின் பெயர் ஆசிரியையின் நெஞ்சில் தங்குகிறது. நாசரேத்தில் ஆண்டவர் வாழ்ந்த முப்பது ஆண்டுகளைப் பற்றி நற்செய்தியாளர்கள் மிகச் சிலவே எழுதினர். அந்த மறைந்த வாழ்வில் மீட்பு நிகழவில்லை என்று யார் சொல்வார்?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரே முதல் ஆசிரியர் என்றும், திருச்சபையின் கல்விப் பணி ஏழை எளியோரைத் தனிப்பட நாட வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. இவ்விரு கட்டளைகளுக்கும் இடையே இன்று நாம் தடுமாறுகிறோம். வசதி வாய்ந்த குடும்பங்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு அனுப்புகின்றன. பெற்றோர் தம் மக்களுக்கு நன்மை நாடுவது குற்றமன்று. ஆனால் ஒரே பலகையில் அமர்ந்த பிள்ளைகள் கட்டணத்திற்கேற்பப் பிரிந்தபின், தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகளில் எஞ்சுவோர் கேட்பாரற்றவர்களின் பிள்ளைகளே. நம் முன்னோர் நடத்திய உதவி பெறும் பள்ளிகள் பலவற்றிலும் பதிவேட்டின் பெயர்கள் குறைந்து வருகின்றன. நகரியத்துக்கு நிலம் கொடுத்தோரின் வேலையும் இழப்பீடும் பற்றிய வழக்கு இன்னும் ஓயவில்லை. அவர்தம் பேரப் பிள்ளைகளின் கல்வியும் அவ்வழக்கின் ஒரு பகுதியே.

நம் பிள்ளை எந்தப் பள்ளியில் பயின்றாலும், நம் தெருவின் தொடக்கப் பள்ளி நம்முடையதே. அன்பியக் கூட்டங்களில் நாம் நலம் விசாரிக்கிறோம். அவ்வாரம் பள்ளிக்கு வராத பிள்ளை யார் என்பதையும் சேர்த்து விசாரிக்கலாம். சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் உழைத்து ஓய்வு பெற்றோர் நம் பங்குகளில் பலர் உள்ளனர். மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு வாய்பாடு சொல்லித்தர அவர்களால் இயலாதா? பங்குப் பேரவை, ஆண்டுக்கு ஒருமுறையேனும் அப்பள்ளியின் பதிவேட்டில் பெயர்கள் ஏன் குறைகின்றன என்று கேட்டறியலாம்.

நாளைக் காலையும் மணி அடிக்கும். ஆசிரியை ஏட்டை விரிப்பார். அதில் விடை கிடைக்காத ஒரு பெயர் இருக்குமாயின், அதனை ஆசிரியை மட்டுமன்றி நாமும் அறிந்திருத்தல் வேண்டும்.