வெள்ளைக் குமிழ் வந்த வழி

ஃப்ளாஷ் வைத்துப் படம் எடுக்கப் பழகுகிறவர் முதன்முதலாக வாங்கப் பார்க்கும் லைட் மீட்டர் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், அதன் தலையில் பிங்பாங் பந்தைப் பாதியாக வெட்டி ஒட்டியதுபோல ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கும். வாங்குகிறவர் அதை அதிகம் கவனிப்பதில்லை. திரை எப்படி, பேட்டரி எது, ரேடியோ வசதி உண்டா என்று மற்றதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆனால் கையில் பிடிக்கும் மீட்டரின் வரலாறு பெரும்பாலும் அந்தக் குமிழின் வரலாறுதான். அது எதற்காக வந்தது என்று தெரிந்துவிட்டால், எதை வாங்குவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

குமிழுக்கு முன்

ஒளியை அளக்க முதலில் காகிதத்தைத்தான் நம்பினார்கள். இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட் ஊர்க்காரரான ஆல்ஃபிரட் வாட்கின்ஸ் 1890இல் ஒரு மீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். ஒளி பட்டால் கறுக்கும் காகிதத் துண்டு ஒன்றை அதில் வைத்து, பக்கத்தில் இருக்கும் மாதிரி நிறத்துக்கு அது வந்து சேர எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ண வேண்டும். அந்த விநாடிக் கணக்கிலிருந்து கேமராவுக்கான நேரத்தைக் கணக்கிட்டுக் கொள்ளலாம். வெயிலில் சரி, அறைக்குள் காத்திருந்து காத்திருந்து பொறுமை போய்விடும்.

அதற்கும் முன்பே, 1873இல், கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதித்துக்கொண்டிருந்த வில்லோபி ஸ்மித் என்ற பொறியாளர், செலினியத்தின் மேல் வெளிச்சம் விழுந்தால் அதன் மின்தடை குறைவதை அறிவித்திருந்தார். பிறகு வந்தவர்கள், ஒளி பட்டதும் தானே சிறிதளவு மின்சாரம் தரும் செலினியத் தகடுகளைச் செய்தார்கள். அந்த மின்சாரம் மிகச் சொற்பம். அதைக் கொண்டு ஒரு முள்ளை நகர்த்துவதற்கு நுட்பமான கருவி வேண்டும். அமெரிக்காவின் நியூவார்க் நகரில் இருந்த வெஸ்டன் கம்பெனிக்கு வோல்ட் மீட்டர், அம்மீட்டர் செய்வதே பிழைப்பு. ஆகவே 1932இல் 'வெஸ்டன் யுனிவர்சல் 617' என்ற ஒளிமின் மீட்டர் அங்கிருந்து வந்ததில் ஆச்சரியம் இல்லை. கம்பெனியை நிறுவிய எட்வர்ட் வெஸ்டன் வேறு, அதே பெயர் கொண்ட புகழ்பெற்ற கலிஃபோர்னியப் புகைப்படக் கலைஞர் வேறு.

பேட்டரி வேண்டாத அந்த மீட்டர் புகைப்படக்காரர்களின் பழக்கத்தையே மாற்றியது. ஆனாலும் அதில் ஒரு குறை இருந்தது. அது அளந்தது பொருளின் மேல் பட்டுத் திரும்பி வரும் ஒளியை. திரும்பி வருவது பொருளின் நிறத்தைப் பொறுத்தது. வெள்ளை கவுனில் மணப்பெண், கறுப்புக் கோட்டில் மணமகன் என்று வைத்துக்கொள்வோம். இருவர் மேலும் விழுவது ஒரே ஒளி. மீட்டரை அவர் பக்கம் நீட்டினால் ஒரு கணக்கு, இவர் பக்கம் நீட்டினால் வேறு கணக்கு. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக எடுத்துக்கொள்வது இந்த வகை மீட்டரின் இயல்பு. சொன்னபடி கேட்டால் கவுன் அழுக்காகத் தெரியும், கோட்டு வெளிறிப் போகும்.

நார்வுட்டின் அரைப் பந்து

விழும் ஒளியையே அளந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. மீட்டரைக் கேமரா அருகிலிருந்து எடுத்துப் போய், படமாகப் போகிறவரின் முகத்தருகே பிடித்து, செலினியத்தின் மேல் ஒரு தட்டையான வெள்ளைத் தகட்டைப் பொருத்தினால் போதும் என்று சிலர் முயன்றார்கள். தட்டையான தகட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் சிக்கல் வந்தது. விளக்கைப் பார்த்துத் திருப்பினால் நிழற்பக்கம் கணக்கில் வராது. கேமராவைப் பார்த்துத் திருப்பினால் பக்கவாட்டு விளக்குக்கு உரிய மதிப்பு கிடைக்காது.

இதற்கு விடை கண்டவர் டான் நார்வுட் என்ற அமெரிக்கர். முகம் தட்டையானது அல்ல, ஆகவே அளக்கிற பரப்பும் தட்டையாக இருக்கக் கூடாது என்பதுதான் அவருடைய யோசனை. ஒளி ஊடுருவும் வெள்ளை அரைக்கோளத்தைச் செலினியத்தின் மேல் கவிழ்த்து, அதைக் கேமராவைப் பார்த்துப் பிடித்தால், ஒரு கன்னத்துக்கு வரும் ஒளி குமிழின் ஒரு பக்கத்தில் விழும், மறு கன்னத்தின் நிழல் மறு பக்கத்தில் விழும். இரண்டையும் குமிழே கலந்து ஒரே எண்ணாகத் தந்துவிடும். 1938இல் விண்ணப்பித்த காப்புரிமை 1940இல் கிடைத்தது.

அதைக் கருவியாக்கி வெளியே கொண்டுவந்ததில் கார்ல் ஃப்ராய்ண்டுக்குப் பங்கு உண்டு. ஜெர்மனியில் 'மெட்ரோபொலிஸ்' படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவராக இருந்து ஹாலிவுட் வந்தவர் அவர். 1940களில் அவர் நடத்திய ஃபோட்டோ ரிசர்ச் நிறுவனம் 'நார்வுட் டைரக்டர்' மீட்டரைத் தயாரித்தது. சினிமாக்காரர்கள் அதை விரும்பியதற்குக் காரணம் எளிது. காலையில் எடுத்த ஷாட்டையும் மாலையில் எடுத்த ஷாட்டையும் அடுத்தடுத்து ஒட்டும்போது நடிகையின் முகத்தில் வெளிச்சம் மாறக் கூடாது. அவர் உடை மாற்றினாலும் பின்னணி மாறினாலும் குமிழ் சொல்லும் எண் மாறாது. நடிகரின் முகவாய் அருகே மீட்டரை நீட்டிக் கேமராவைப் பார்த்துத் திருப்பும் அந்தக் கைப்பழக்கம், ஹாலிவுட்டிலிருந்து கோடம்பாக்கம் வரை ஒளிப்பதிவாளரின் அடையாளமாகிவிட்டது.

நார்வுட் டைரக்டர் பல கைகள் மாறி, பிராக்வே என்ற பெயரிலும் விற்றது. 1950களில் அந்த வடிவம் பசிபிக் கடலைத் தாண்டி ஜப்பானின் செகோனிக் கம்பெனிக்குப் போனது. அங்கே எல்-28 ஆகி, பிறகு எல்-398 ஆனது. சுழலும் தலை, வெள்ளைக் குமிழ், கடும் வெயிலில் செருகும் துளைத் தகடு எல்லாம் அப்படியே இருந்தன.

முள் தோற்ற இடம்

இதற்குள் ஒளி கொடுப்பதிலேயே வேறொரு மாற்றம் நடந்திருந்தது. எம்ஐடியில் ஹரால்ட் எட்ஜர்டன் 1930களில் மின்னணு ஃப்ளாஷைப் பெருமளவுக்கு வளர்த்தெடுத்தார். அது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் குறைவான நேரமே எரியும். செலினிய மீட்டரின் முள் கிளம்புவதற்குள் ஒளி வந்து போய்விடும். 1960களில் பரவிய காட்மியம் சல்ஃபைடு மீட்டர்கள் மங்கிய வெளிச்சத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டின. ஜெர்மனியின் கோசன் செய்த லூனாசிக்ஸ் நிலவொளியைக்கூட அளக்கும் என்று பெயர் வாங்கியது. ஆனால் அவையும் மெதுவானவை. திடீர் மின்னலுக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் ஃப்ளாஷுக்குக் கைடு நம்பரே கதி. ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் அந்த எண்ணைத் தூரத்தால் வகுத்தால் அபர்ச்சர் கிடைக்கும். கைடு நம்பர் 40, தூரம் 5 மீட்டர் என்றால் எஃப் 8. ஃப்ளாஷ் கேமராவின் மேலேயே நேராக நிற்கும்வரை இது சரி. அதைக் குடைக்குள் திருப்பினாலோ கூரையில் மோதவிட்டாலோ கணக்கு கெட்டது. ஸ்டுடியோக்காரர்கள் போலராய்டு படம் ஒன்றை எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள்.

இந்த இடைவெளியை நிரப்பியது சிலிக்கான் ஒளியுணரி. அது ஒளிக்கு உடனுக்குடன் பதில் சொல்லும். ஃப்ளாஷ் எரியும் கணத்தில் வரும் மின்சாரத்தை ஒரு கெப்பாசிட்டரில் சேர்த்துவைத்து, மொத்தம் எவ்வளவு என்று பிறகு நிதானமாகக் கணக்கிட்டுக் காட்டும் வேலையை மின்சுற்று செய்தது. ஒசாகாவின் மினோல்டா 1970களிலிருந்து வரிசையாகக் கொண்டுவந்த ஃப்ளாஷ் மீட்டர்கள் ஸ்டுடியோக்களில் நிலைபெற்றன. முள் போய் எண் வந்தது, செலினியம் போய் சிலிக்கான் வந்தது. மேலே இருந்த நார்வுட்டின் அரைப் பந்து மட்டும் மாறவில்லை.

மினோல்டா கோனிகாவுடன் இணைந்து, 2006இல் கேமராத் தொழிலையே விட்டு விலகியது. அதன் மீட்டர் வடிவங்கள் சில காலம் கென்கோ என்ற பெயரில் விற்றன. கையில் பிடிக்கும் ஃப்ளாஷ் மீட்டர் என்றால் இன்று பலரும் முதலில் சொல்வது செகோனிக்கைத்தான்.

கேமராவிலேயே மீட்டர் இருக்கிறதே?

லென்ஸ் வழியே ஃப்ளாஷை அளக்கும் டிடிஎல் முறை 1975இல் ஒலிம்பஸ் ஓஎம்-2 கேமராவோடு வந்தது. வசதியான முறைதான், ஆனால் அது அளப்பது மறுபடியும் திரும்பி வரும் ஒளியை. கவுனும் கோட்டும் வைக்கும் பழைய வம்பு இன்றைய கேமராக்களின் சாமர்த்தியத்தால் குறைந்திருக்கிறதே தவிர, முற்றிலும் போய்விடவில்லை. டிஜிட்டல் திரையும் ஹிஸ்டோகிராமும் எடுத்து முடித்த படத்தைப் பற்றிப் பேசும். இரண்டு விளக்கில் எது எவ்வளவு கொடுக்கிறது என்று அவை பிரித்துச் சொல்லாது.

சூரிய ஒளியைப் பற்றிக் கண்ணுக்கு ஓரளவு அனுபவம் உண்டு. ஃப்ளாஷைப் பற்றிக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எஃப் 8 அளவு மின்னலும் எஃப் 11 அளவு மின்னலும் நமக்கு ஒரே கூச்சம்தான். கையில் மீட்டர் இருப்பதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

வாங்கும்போது

முதல் கேள்வி: இது ஃப்ளாஷை அளக்குமா? அழகான வெஸ்டன் மாஸ்டர், பழைய லூனாசிக்ஸ், எல்-398 எல்லாம் பழைய சாமான் கடையில் மயக்கும். அவை தொடர்ந்து எரியும் ஒளிக்கு மட்டுமே. செலினியத் தகடு வயதாகிச் செத்திருக்கலாம். லூனாசிக்ஸின் பழைய மாடல்கள் கேட்கும் 1.35 வோல்ட் பாதரச பேட்டரியின் விற்பனையை அமெரிக்கா 1996இல் தடைசெய்துவிட்டது. கைப்பேசியில் இருக்கும் சாதாரண மீட்டர் செயலிகளும் ஃப்ளாஷுக்கு உதவாது.

இரண்டாவது, மீட்டர் ஃப்ளாஷை எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள். வயர் செருகினால் மீட்டரே ஃப்ளாஷை எரியவைக்கும். வயர் இல்லாத முறையில் பட்டனை அழுத்தியதும் அது காத்திருக்கும், ஃப்ளாஷ் எரிந்ததும் பிடித்துக்கொள்ளும். ஒரு கையில் மீட்டர், மறு கையில் ஃப்ளாஷ் டிரிகர் என்று வைத்துக்கொண்டால் துணை ஆள் இல்லாமலே அளந்துவிடலாம். மீட்டருக்குள் ரேடியோ இருந்தால் சுகம், இல்லாவிட்டால் வேலை நின்றுவிடாது. வயர் இல்லாத முறையில் ஃப்ளாஷ் மேனுவலில் இருக்க வேண்டும். டிடிஎல்லில் வைத்தால் முதலில் வரும் சோதனை மின்னலையே மீட்டர் பிடித்துக்கொண்டு தவறான எண்ணைக் காட்டும்.

மூன்றாவது குமிழ். செகோனிக் எல்-308 வகையில் அதை ஒரு பக்கமாகத் தள்ளலாம். எல்-358 போன்றவற்றில் உள்ளே அமுக்கித் தட்டையாக்கலாம், தலையையும் திருப்பலாம். ஒவ்வொரு விளக்கையும் தனியாக அளந்து விகிதம் பார்க்கிறவர்களுக்குத் தட்டையாவது உதவும், ஏனென்றால் பக்கத்து விளக்கு கலக்காது. எல்-358இல் மொத்த ஒளியில் ஃப்ளாஷின் பங்கு எத்தனை சதவீதம் என்றும் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தோடு ஃப்ளாஷைக் கலப்பவருக்கு இது நல்ல வசதி, ஆரம்பத்தில் கட்டாயம் அல்ல.

பழையதை வாங்கினால் பேட்டரி அறையில் உப்புப் பூத்திருக்கிறதா, திரையில் எண்களின் கோடு ஏதும் விடுபடுகிறதா, குமிழ் மஞ்சளாகிவிட்டதா என்று பாருங்கள். எந்த மீட்டரானாலும் முதலில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து, அது சொன்ன எண்ணிலும் அதற்கு மேலும் கீழும் சில படங்கள் எடுத்து, உங்கள் கேமராவோடு எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து மீட்டரிலேயே திருத்தி வைத்துவிடுங்கள். கேமராவும் மீட்டரும் ஒரு ஸ்டாப்பில் பத்தில் இரண்டு மூன்று பங்கு வேறுபடுவது சகஜம்.

திரையைப் படிப்பதில் ஒரு சங்கதி. 8.0 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சிறிதாக 5 என்று தெரிந்தால் அது எஃப் 8.5 அல்ல. எட்டுக்கும் பதினொன்றுக்கும் நடுவில், பத்தில் ஐந்து பங்கு ஸ்டாப், அதாவது ஏறத்தாழ எஃப் 9.5 என்று பொருள். மீட்டரில் ஷட்டர் வேகத்தையும் மறக்காமல் அமைக்க வேண்டும். கேமரா ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் வேகத்தைத் தாண்டி வைத்தாலும் மீட்டர் பாட்டுக்கு ஒரு எண் தரும், படத்தில் பாதி இருண்டு கிடக்கும். அந்த வேகத்தைத் தாண்டியும் ஃப்ளாஷைப் பயன்படுத்த உதவும் ஹை ஸ்பீடு சிங்க் முறையைப் பெரும்பாலான மீட்டர்கள் அளப்பதில்லை. எல்-858டி போன்ற விலை உயர்ந்தவைதான் அளக்கும்.

எல்-308எக்ஸ் போன்ற அடிப்படை மீட்டர் ஒற்றை ஏஏ பேட்டரியில் ஓடும், பத்தில் ஒரு பங்கு ஸ்டாப் வரை காட்டும். ஸ்பாட், தொடுதிரை, ரேடியோ எல்லாம் கூடுதல் விலைக்கு வருபவை. முகத்தில் விழும் ஒளியை அளக்கும் வேலையைச் சிறியதும் நார்வுட் வகுத்த அதே முறையில்தான் செய்கிறது. எனவே முதல் மீட்டரில் மிச்சப்படுத்தி, அந்தப் பணத்தில் இரண்டாவது ஃப்ளாஷும் ஒரு ஸ்டாண்டும் வாங்குவது புத்திசாலித்தனம். ஒரே விளக்கை இரண்டு மூன்று படம் எடுத்துப் பார்த்தே சரிசெய்துவிடலாம். பிரதான விளக்கு எஃப் 8, நிழலை நிரப்பும் விளக்கு எஃப் 5.6 என்று ஒரு ஸ்டாப் வித்தியாசத்தில் நிறுத்தி, அதே வெளிச்சத்தை அடுத்த வாரமும் கொண்டுவர வேண்டுமென்றால்தான் மீட்டர் கொடுத்த காசுக்கு உழைக்கும்.