பன்னிரண்டு பெண்கள், ஒரே வாரம்: நோயாளிகளே தொடங்கி வைத்த இதய ஆராய்ச்சி

1/ நாற்பது வயசுப் பெண். சுகர் இல்லை, பிரஷர் இல்லை, கொலஸ்ட்ரால் இல்லை. திடீர்னு நெஞ்சு வலி. இவருக்கு மாரடைப்பு வருமா? வரும். அப்படி வரும் ஒரு நோயைப் பற்றி இன்று மருத்துவர்களுக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதிக்கு விதை போட்டது, நோயாளிகள் பேசிக்கொண்டிருந்த ஒரு இணையக் குழு. அந்த வரலாறுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ வழக்கமான மாரடைப்பில் ரத்தக்குழாய்க்குள் கொழுப்புப் படிமம் வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். இந்த நோயில் கொழுப்புக்கு வேலையே இல்லை. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயின் சுவர் அடுக்குகள் தானாகப் பிரிந்து, நடுவில் ரத்தம் கட்டி, ரத்தம் ஓடும் பாதையை வெளியிலிருந்து நெரிக்கும். பெயர் ஸ்பான்டேனியஸ் கரோனரி ஆர்ட்டரி டிசெக்‌ஷன். சுருக்கமா ஸ்காட்.

3/ இது 1931-லேயே மருத்துவ இதழில் பதிவான நோய். 42 வயதுப் பெண் ஒருவரின் பிரேதப் பரிசோதனையில் கண்டுபிடித்தார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் இங்கே ஒருவர், அங்கே ஒருவர் என்று தனித்தனி கேஸ் ரிப்போர்ட்டுகள்தான் பெரும்பாலும். "மிக அரிது" என்ற ஒரே வார்த்தையில் பாடம் முடிந்துவிடும்.

4/ அரிய நோயில் ஒரு சிக்கல் இருக்கு. ஒரு மருத்துவர் தன் சர்வீஸ் முழுக்க ரெண்டு மூணு பேரைத்தான் பார்ப்பார். அதை வைத்து எந்த ஆராய்ச்சியும் செய்ய முடியாது. ஆராய்ச்சி இல்லாததால் சந்தேகப்பட மாட்டார்கள். சந்தேகப்படாததால் நோய் இன்னும் அரிதாகவே தெரியும். செக்குமாடு மாதிரி அதே வட்டம்.

5/ வட்டத்தை உடைத்தது நோயாளிகள். அமெரிக்காவில் விமன்ஹார்ட் என்ற பெண்கள் இதயநல அமைப்புக்கு ஒரு இணைய ஆதரவுக் குழு இருந்தது. "எனக்கும் அதே நோய்தான்" என்று பல நாட்டுப் பெண்கள் அதில் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் சேராத கூட்டம் அங்கே சேர்ந்துவிட்டது.

6/ 2009. அந்தக் குழுவைச் சேர்ந்த கேத்தரின் லியோன், மேயோ கிளினிக்கில் நடந்த கருத்தரங்கில் இதய மருத்துவர் ஷரோன் ஹேய்ஸைச் சந்தித்தார். அவர் கேட்டதன் சாரம் இவ்வளவுதான்: நாங்க இத்தனை பேர் இருக்கோம், எங்களை வைத்து ஆராய்ச்சி செய்யுங்க.

7/ ஹேய்ஸ் குழு முதலில் பன்னிரண்டே பேரை வைத்து முன்னோட்ட ஆய்வு ஒன்றைத் திட்டமிட்டது. 2010 மார்ச் 18-ல் நெறிமுறைக் குழு அனுமதி தந்தது. அடுத்த ஒரே வாரத்தில் பன்னிரண்டு இடமும் நிரம்பியது! "மிக அரிது" என்ற நோய்க்கு, நினைவிருக்கட்டும்.

8/ இது குரூப்பில் நடந்த கருத்துக்கணிப்பு இல்லை. ஒவ்வொருவரும் தங்கள் மருத்துவப் பதிவுகளையும் ஆஞ்சியோகிராம் படங்களையும் அனுப்பினார்கள். "ஸ்காட்னு சொன்னாங்க" என்ற வாய்வார்த்தையை ஏற்காமல், படங்களை மறுபடி பார்த்து நோயை உறுதி செய்த பிறகே கணக்கில் சேர்த்தார்கள். நவம்பருக்குள் பன்னிரண்டு பேரின் தகவலும் முழுமையாக வந்து சேர்ந்தது. 2011-ல் கட்டுரை வெளியானது. முதல் ஆசிரியரின் பெயர் மரீசியா ட்வீட். நிஜமாத்தான், பெயரே அதுதான்.

9/ அடுத்து பெரிய பதிவேடு தொடங்கினார்கள், மரபணு மாதிரிகளும் சேகரித்தார்கள். இங்கிலாந்து, கனடா எனப் பல நாட்டுக் குழுக்களும் உழைத்தன. கிடைத்த பாடங்களில் முக்கியமானது சிகிச்சை பற்றியது. பெரும்பாலானவர்களுக்குக் கிழிசல் தானாக ஆறிவிடும். அவசரப்பட்டு ஸ்டென்ட் வைக்கப்போனால் கிழிசல் நீளக்கூடும். எனவே நோயாளி நிலையாக இருந்தால் கண்காணித்தால் போதும். ரத்த ஓட்டம் நின்று உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் நிச்சயம் தலையிட வேண்டும்.

10/ இன்னொரு பாடம்: இவர்களில் பலருக்குக் கழுத்து, சிறுநீரக ரத்தக்குழாய்களிலும் கோளாறு இருந்தது. 2019-ல் ஒரு மரபணு வேறுபாட்டுடனும் தொடர்பு தெரிந்தது. 2018-ல் அமெரிக்க இதய சங்கம் வெளியிட்ட அறிக்கைப்படி, 50 வயது வரையிலான பெண்களின் மாரடைப்புகளில் 35 சதவீதம் வரை ஸ்காட்டாக இருக்கலாம். பிரசவத்தை ஒட்டி வரும் மாரடைப்புக்கு முதன்மைக் காரணமும் இதுவே. நோய் அவ்வளவு அரிதில்லை, நம் பார்வைக்குத் தப்பியது.

11/ இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு. குழுவில் சேர்ந்தவர்கள் பிழைத்தவர்கள். இறந்தவர் யாரும் வந்து பெயர் கொடுக்க முடியாது. இணையம் இல்லாதவரும் ஆங்கிலம் தெரியாதவரும் அந்தக் கணக்கில் இல்லை. அதனால் இத்தகைய பட்டியலை வைத்து "எத்தனை சதவீதம் பேர் இறக்கிறார்கள்" என்று சொல்லக் கூடாது. யார் விடுபட்டார்கள் என்று கேட்பதும் ஆராய்ச்சிதான்.

12/ உங்களிடம் ரெண்டு வேண்டுகோள். ஒன்று, இளம்பெண்ணுக்கு, அதிலும் பிரசவமான சில வாரங்களில், நெஞ்சு வலி வந்தால் "கேஸ்தான், டென்ஷன்தான்" என்று வீட்டில் வைத்திருக்காதீங்க. உடனே ஈசிஜி, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை. இரண்டு, ஆஞ்சியோகிராம் சிடியையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பத்திரமா வைங்க. அந்தப் பன்னிரண்டு பேரிடமும் அவை கிடைத்ததால்தான் இந்த ஆராய்ச்சியே நடந்தது.