சிட்டையிலிருந்து போர்ட்டலுக்கு: ஒரு கடைக் கணக்கின் 78 வருஷம்

ஜிஎஸ்டி வந்துதான் சின்னக் கடைக்காரன் அரசாங்கத்துக்காகக் கணக்கு எழுத ஆரம்பிச்சான்னு நானும் நெனச்சிட்டு இருந்தேன். தேடிப் பாத்தா கதை 1937-க்குப் போகுது.

அந்த வருஷம் அக்டோபர்ல ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள், சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க வேறு வரி தேவைப்பட்டது. அப்படிப் பிறந்ததுதான் 1939-ம் வருஷத்துச் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம். வருமான வரி முன்னாடியே இருந்தது. ஆனா பெரும்பாலான சின்னக் கடைகள் அந்த வரம்புக்குள்ளயே வராது. இதுல வருஷ விற்றுமுதல் 10,000 ரூபாயைத் தாண்டினாலே கடைக்காரர் மாட்டிக்குவார். எதிர்ப்பு கிளம்பாம இருக்குமா?

அதுவரைக்கும் சிட்டை, பேரேடு, ஐந்தொகை எல்லாம் முதலாளிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் மட்டும் புரிஞ்சா போதும். மூலையில மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிக்கிற நோட்டு அது. புதுச் சட்டமும் அதை ரொம்பக் கலைக்கல. அப்போ வரி ஒவ்வொரு கை மாறும்போதும் மொத்த விற்பனை மேல விழுந்தது. அதனால அரசாங்கம் கேட்டது அடிப்படையில ஒரே ஒரு எண்: மொத்தம் எவ்வளவு வித்தீங்க? சந்தேகம் வந்தா அதிகாரி நோட்டைக் கேப்பார்.

உண்மையான உடைப்பு கம்ப்யூட்டரால வந்ததில்லைங்கறது என் கணிப்பு. 2007 ஜனவரி 1-ல தமிழ்நாட்டுக்கு வாட் வந்தது. வாங்கின இடத்துல கட்டின வரியை, விக்கிற இடத்துல கழிச்சுக்கலாம். நியாயமான ஏற்பாடுதான். ஆனா அந்த நொடியில என் பில் அடுத்தவனோட பணமா மாறிடுது. நான் தப்பா எழுதினா நஷ்டம் அவனுக்கு.

2017 ஜூலை 1-ல ஜிஎஸ்டி இதை நாடு முழுக்க, பில் பில்லாக் கேட்டது. முதல் திட்டம் அழகானது: விக்கிறவர் ஜிஎஸ்டிஆர்-1 போடணும், வாங்கினவர் ஜிஎஸ்டிஆர்-2-ல சரிபாக்கணும், 3 தானா உருவாகும். நாலே மாசத்துல, நவம்பர்ல, 2-ஐயும் 3-ஐயும் நிறுத்தி வெச்சாங்க. அவசரத்துக்குக் கொண்டுவந்த சுருக்கப் படிவம் 3பி இன்னைக்கும் ஓடுது. (எங்க ஆபீஸ்லயும் "தற்காலிகம்"னு போட்ட கோடுதான் அதிக ஆயுசோட இருக்கும்.)

அந்த நேரத்துல திருமங்கலத்துல எங்க மாமாவோட ஹார்டுவேர் கடைக்கு நான்தான் நிபுணர். "மாப்ள, நீ கம்ப்யூட்டர் படிச்சவன், பாத்துக்க"ன்னுட்டார். எக்செல்ல ஒரு மேக்ரோ எழுதிக் கொடுத்தேன். ஜிஎஸ்டி நம்பர்ல 15 எழுத்து, கடைசி எழுத்து சரிபார்ப்புக்கு. ஒரு எழுத்து தப்பினாலும் பிடிக்கிற மாதிரி பெருமையா எழுதினேன். நம்பரே இல்லாத பில்லைச் சில்லறை விற்பனைன்னு ஒதுக்கிடும்.

கடைப் பையன் நம்பரைப் பில்லோட பின்பக்கம் எழுதற பழக்கம் உள்ளவன். டைப் பண்ணும்போது யாரும் திருப்பிப் பாக்கல. ஒரு கான்ட்ராக்டருக்குப் போன பில் அத்தனையும் சில்லறைல விழுந்துடுச்சு. அவர் பக்கம் வரவு காட்டல; 18 சதவீதத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மாமாவுக்குப் பணம் கொடுத்தார். நாங்க திருத்திப் போட்டு அவருக்குத் தெரிய அடுத்த காலாண்டு ஆச்சு. அந்தத் தீபாவளிக்கு மாமா கடன் வாங்கித்தான் சரக்கு எடுத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் இன்னும் உறுத்துது.

நான் தயார் பண்ணது மென்பொருளை. தயார் பண்ண வேண்டியது கல்லாப்பெட்டி பக்கத்துல இருந்த பில்புக்கை. ஜூலைக்கு முன்னாடி ரெண்டு மாசம் பழைய பில்லை வெச்சு ஒத்திகை பாத்திருந்தா முதல் வாரமே தெரிஞ்சிருக்கும்.

அடுத்த பில்புக்கை மாமாவே அச்சகத்துல உக்காந்து அடிச்சு வாங்கினார். முதல் கட்டம் ஜிஎஸ்டி நம்பர், அப்புறம்தான் பேர். நம்பர் சொன்ன பிறகுதான் ஆணியே நிறுப்பார். சிட்டையும் நிக்கல, வருஷா வருஷம் மஞ்சள் தடவிட்டுத்தான் இருக்கார்.