பழைய இரும்பும் கொல்லன் பட்டறையும்

கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமா என்று கேட்பது நம் மரபு. ஊசி விற்க இயலாதெனினும், அத்தெருவிற்கு இரும்பை யாரேனும் கொண்டுவந்து விற்றாக வேண்டுமன்றோ? மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கொல்லன் உலைக்கு இரும்பு எங்கிருந்து வந்தது? இவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்தால், அது தண்டவாளத்தின் வரலாறாகவும் லாரியின் வரலாறாகவும் போரின் வரலாறாகவும் விரியக் காண்கிறோம்.

ஈயம் மிகுந்த மலாயாவில் இரும்புத் தாதுவும் இருந்தது. திரங்கானுவின் புக்கிட் பெசியில் போருக்கு முன்னர் ஜப்பானியர் வெட்டியெடுத்த தாது, கப்பலேறி ஜப்பானுக்கே சென்றது. அதை இங்கே உருக்கிட ஆலை இல்லை. பிறை நகரில் மலாயாவத்தா எஃகாலை 1967-இல்தான் உற்பத்தியைத் தொடங்கிற்று. அதுவரை புதிய எஃகு கடல் கடந்தே வந்தது. அதன் விலையோ எளிய கொல்லனுக்கு எட்டாதது. ஆகவே, பிறர் கழித்த இரும்பே அவனுக்கு முதலாயிற்று. பினாங்குக் கடற்கரைத் தெருவின் ஒரு பகுதியை ஹொக்கியன் மக்கள் இரும்படிக்கும் தெரு என்றே வழங்கினர். சிங்கப்பூரில் சுல்தான் கேட் பகுதியில் சீனக் கொல்லர் உலைகள் எரிந்தன. கம்பங்களில் மலாய்க் கொல்லர் பாராங் அடித்தனர். இனம் வேறாயினும் மூவர்க்கும் பொருள் தந்தது பழைய இரும்பே.

அவ்விரும்பில் முதலிடம் தண்டவாளத்திற்கு உரியது. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டிற்கு முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. தேய்ந்து கழிக்கப்பட்ட தண்டவாளத்தில் ஒரு முழத் துண்டு கிடைத்தால், கொல்லனுக்கு அதுவே பட்டடை. அதனைப் படுக்க வைத்து அடித்தால் துள்ளும். செங்குத்தாக மரக்கட்டையில் பதித்தால், முழு எடையும் சம்மட்டியின் கீழ் வந்து நிற்கும். வார்ப்பிரும்புப் பட்டடை வாங்க வசதியற்றவன் கண்ட உபாயம் இது.

அடுத்தது லாரியின் அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை. அதன் எஃகில் கரிச்சத்து நூற்றுக்கு அரைப் பங்களவு உண்டு. வளைந்தும் முறியாத அந்த எஃகு, பாராங்கிற்கும் மண்வெட்டிக்கும் ஏற்றது. தேய்ந்த அரத்திலோ கரிச்சத்து இன்னும் மிகுதி, அது உளியாகும். தண்டவாளத்தைக் கட்டையில் இறுக்கும் ஆணியோ பெரும்பாலும் மென்மையானது. அதில் கொக்கி அடிக்கலாம். கத்தி அடித்தால் கூர் நில்லாது.

கழிவுக் குவியலில் கிடக்கும் இரும்பில் பெயர்ச் சீட்டு ஏதும் இராது. கொல்லன் அதனைச் சாணைக் கல்லில் தீட்டிப் பொறியைப் பார்த்தான். கரிச்சத்து மிகுந்த எஃகின் பொறி பூப்போலக் கிளைத்துச் சிதறும். மெல்லிரும்பின் பொறி நீண்ட கோடாகப் பாயும். ஐயம் தீராவிடில், சிறு துண்டைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்து உடைத்துப் பார்த்தான். கண்ணாடிபோல் முறிந்தால் எஃகு, வளைந்தால் இரும்பு. துத்தநாகம் பூசிய தகட்டை உலையில் இடாமல் ஒதுக்கினான். அதன் புகை நெஞ்சைத் தாக்கும். ஏட்டில் எழுதப்படாத இவ்வறிவே அவனது உண்மையான முதல்.

இந்த இரும்பின் கதையில் நம் மக்களின் துயரமும் கலந்துள்ளது. கெமாஸையும் தும்பாட்டையும் இணைத்த கிழக்குக் கரைப் பாதை 1931-இல் முற்றுப்பெற்றது. ஜப்பானியர் ஆட்சியில் அதன் பெரும்பகுதி பெயர்க்கப்பட்டு, சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையை அமைக்க, தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களும் கொண்டுசெல்லப்பட்டனர். ஒரு மண்ணின் இரும்பையும் அம்மண்ணில் உழைத்தோரையும் ஒருங்கே பெயர்த்துச் சென்ற கொடுமை அது. பாதை பின்னர் மீண்டும் போடப்பட்டது. சென்றவர்களுள் பல்லாயிரவர் திரும்பவே இல்லை.

அக்காலப் பஞ்சத்தில் பழம்பொருளின் அருமை யாவர்க்கும் விளங்கிற்று. சிங்கப்பூர்ச் சுங்கை சாலைச் சந்தையில், வேறெங்கும் கிடைக்காத பொருள்கள் கைமாறின. பிற்காலத்தில் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது, படைக் கருவிகளும் அங்கே வந்து குவிந்தன. பிடியிழந்த சுத்தியல், வாய் தேய்ந்த குறடு, பல் மழுங்கிய இரம்பம் ஆகிய யாவும் அங்கே மறுபிறவி எடுத்தன. வீடுதோறும் சென்று பழம்பொருள் வாங்கியவரைக் காராங் கூனி என்றனர். மலாய்ச் சொல்லாகிய 'கூனி', சாக்கைக் குறிக்கும் நம் 'கோணி'யோடு உறவுடையது என்பது எண்ணத்தக்கது. 1960-களில் ஜூரோங்கில் எழுந்த எஃகாலையும் பழைய இரும்பை உருக்கியே தன் பணியைத் தொடங்கிற்று. கொல்லன் தன் சிற்றுலையில் செய்ததையே, ஆலை தன் பேருலையில் செய்தது எனலாம்.

சுங்கை சாலைச் சந்தை 2017 ஜூலை 10-ஆம் நாள் மூடப்பட்டது. பட்டறைகள் அருகிவிட்டன. பழைய இரும்பு இன்றும் எடைபோட்டு விற்கப்படுகிறது. எனினும் அது எந்த இரும்பு, எதற்கு ஆகும் என்று பொறியைப் பார்த்துச் சொல்லும் கண்கள் குறைந்துவிட்டன. துருப்பிடித்த இரும்பை மீண்டும் காய்ச்சி எடுக்கலாம். மறைந்த அறிவை எந்த உலையில் காய்ச்சி எடுப்பது? அவ்வறிவுடைய முதியோர் எஞ்சியிருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது நம் கடமையாகும்.