சென்னையிற் பிறந்த பனிமலை வித்தகர்



வவுனியாக் குளக்கரையில் வாழும் நாம் வெண்பனியை நேரிற் கண்டவரல்லோம். ஆயினும் நம் உறவினர் பலர் இன்று சுவிற்சர்லாந்தில் வாழ்கின்றனர். அவர்கள் அனுப்பும் படங்களில் வெண்டுகில் போர்த்த மலைகளைப் பார்த்து மகிழ்கின்றோம். அம்மலைகளின் பனியை எக்காலத்தில் நம்பலாம், எக்காலத்தில் நம்பலாகாது என்று ஆராய்ந்தவர்களுள் ஒருவர் சென்னையிற் பிறந்தவர் என்பது பலரும் அறியாத செய்தி.

அவர் பெயர் ஆர்னல்ட் லன். பிறந்த ஆண்டு 1888. தந்தையார் ஹென்றி லன் மெதடிஸ்த சமயத் தொண்டராக இந்தியா வந்தவர். உடல்நலங் குன்றி விரைவில் தாயகந் திரும்பிய அவர், பின்னர் ஆங்கிலேயரை அல்ப்ஸ் மலைக்கு அழைத்துச் செல்லும் பயணத் தொழிலில் இறங்கினார். அதனால் மைந்தருக்கு இளமையிலேயே பனிமலை பழக்கமாயிற்று. 1898 இல், சாமொனி என்னும் பிரெஞ்சு ஊரில், முதன்முதலாகச் சறுக்குப்பலகையிற் கால் வைத்தார்.

பனிக்கட்டியாறு என்பது மலைச்சரிவில் மெல்ல மெல்ல நகரும் பனிக்கட்டிப் பெருக்கு. மேடுபள்ளங்களைக் கடக்கும்போது அது வெடித்துப் பிளக்கும். அப்பிளவுகள் பல மீற்றர் ஆழமுடையவை. கோடையின் கடைசியில் அவை வாய்பிளந்து கிடப்பதைக் கண்டு விலகிச் செல்லலாம். இடர் வருவது மாரியின் தொடக்கத்திலேதான். முதற்பனி விழுந்ததும் காற்று அதனை வாரிப் பிளவுகளின்மேற் கூரை வேய்ந்துவிடும். பார்வைக்கு எல்லாம் சமதரை. ஆனால் புதுப்பனியிற் பெரும்பகுதி காற்றே. ஆளின் பாரத்தை அது தாங்காது. வற்றும் குளத்தில் மேற்சேறு காய்ந்து தரைபோலக் கிடக்க, அதை நம்பிக் கால் வைத்தவர் முழங்காலளவு புதைவதை நாம் கண்டிருக்கிறோம். அங்கேயோ புதைவது முழங்காலளவன்று.

இன்னுமோர் இடர் உண்டு. தொடக்கத்தில் விழும் பனி மெல்லிய படலமாகக் கிடக்கும். கீழே வெப்பம் சற்று மிகுதி, மேலே கடுங்குளிர். கீழிருந்து எழும் நீராவி அடிப்பனியைச் சீனிபோன்ற ஒட்டாத மணிகளாக்கிவிடும். பின்னர் அதன்மேற் பெரும்பனி குவிந்தால், சுமை முழுவதும் வழுக்கி விழும். பனிச்சரிவுகள் தோன்றும் வழிகளுள் இஃதொன்று.

1909 சனவரியில் லன், பேராசிரியர் றொஜேயுடன், பேர்ண் நாட்டு உயர்மலைகளின் பனிக்கட்டியாறுகளைச் சறுக்குப்பலகையிற் கடந்தார். அவ்வாண்டு ஓகத்திலேயே வேல்சு நாட்டுப் பாறையொன்றிலிருந்து வீழ்ந்து கால் முறிந்தார். அக்கால் மற்றதிலுங் குட்டையாகிவிட்டது. பிறராயின் மலையை மறந்திருப்பர். இவரோ பனியைக் கூர்ந்து கற்றார். தளர்ந்த காலுடையவன் தரையைத் தேர்ந்தே நடக்கவேண்டும் என்பது அக்கல்விக்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்பது என் ஊகம்.

1911 இல் அவர் நடத்திய இறக்கப் போட்டிக்குக் கிண்ணம் வழங்கியவர் கந்தகார் றொபேட்ஸ் பிரபு. ஆப்கானிய நகரொன்றின் பெயர் அல்ப்ஸ் மலை விளையாட்டோடு ஒட்டிக்கொண்டது இவ்வாறே. அப்பிரபுவும் முன்னர் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாயிருந்தவர் என்பது வேடிக்கையான ஒற்றுமை.

உயர்ந்த பனிக்கட்டியாறுகளுக்கு ஏற்ற பருவம் இளவேனிலே என்பது லன் வற்புறுத்திய கருத்து. மாரி முழுவதும் குவிந்த பனி அப்போது ஆழமாய் இறுகியிருக்கும்; பிளவுகளின்மேற் பாலமுந் தடித்திருக்கும். பகலில் உருகி இரவில் உறைவதால் விடியலில் மேற்பரப்பு திண்மையுறும். ஆனால் வெயில் ஏறினால் இளகும், அதற்குமுன் இறங்கிவிடவேண்டும். எல்லா உயரங்களிலும் எல்லாப் பருவங்களிலும் சறுக்குதல் பற்றிய அவரது நூல் 1921 இல் வெளிவந்தது.

சொன்னதைச் செய்தும் காட்டினார். 1917 சூனில் 4545 மீற்றர் உயரமான டொம் சிகரத்தில் சறுக்குப்பலகையோடு ஏறினார். 1924 மே 18 ஆந் திகதி, சுவிசு நாட்டுத் தோழர் மூவருடன், ஐகர் சிகரத்தைச் சறுக்குப்பலகைத் துணையால் முதன்முதலாக அடைந்தார். கால் முறிந்து அப்போது ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.